அவிழ்க்கக் கூடியது

மூன்று கண்ணி போதும், தொடங்க.
கைபேசிக்குள் ஒரு பெண்
முகம் காட்டாமல் விரலால் சொல்கிறாள்.
என்ன பாஷையோ, ஒலியை அணைத்துவிட்டேன்.
கைக்குக் கை புரியாதா.

ஆத்தங்குடிப் பட்டறையில்
சோற்று நேரம் முக்கால் மணி.
கால் மணியில் தின்று முடித்து
சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து
கொண்டையில் செருகிய ஊசியை எடுப்பேன்.

காரைக்குடி செக்காலை ரோட்டில் வாங்கியது.
கத்தரிப்பூ நிற நூல் எழுபது ரூபாய்,
நாலாம் நம்பர் கொக்கி ஊசி முப்பது.
பிள்ளைக்கா அக்கா, என்றான் கடைப்பையன்.
என் தலைக்கு, என்றேன்.
அவன் என் தலையைப் பார்த்தான்.
தலையில் சிமெண்டு இருந்தது.

சுற்றிக் கட்டும் துண்டு, குனிந்தால் நழுவும்.
போன மாதம் அதன் நுனி
சிவப்புச் சாந்தில் விழுந்து
கண்ணாடிமேல் வார்த்திருந்த பூவை
இழுத்துக்கொண்டு போனது.
சோலைமுத்து ஒன்றும் சொல்லவில்லை.
கல்லை எடுத்து ஒதுக்கில் போட்டார்.
சொல்லியிருக்கலாம்.

நூலைச் சுற்று, ஊசியை நுழை, பிடி, இழு.
இரண்டிரண்டாக நழுவவிடு.
ஓரம் வந்தால் மட்டும்
ஒரே கண்ணில் இருமுறை.
அந்த ஓரத்திலும், திரும்பி வரும் ஓரத்திலும்.
மூன்று ஐந்தாகும். ஐந்து ஏழாகும்.
முக்கோணம் நடுவில் வளர்வதே இல்லை,
கவனித்தீர்களா.

என்னடி வலை, எந்தக் கண்மாய்க்கு
என்றாள் செல்லக்கண்ணு.
எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதில் சொன்னால் எண் போய்விடும்.

ஒன்பதாம் வரியில் பத்தொன்பது வரவேண்டும்.
பதினெட்டு வந்தது.
மறுபடி எண்ணினேன். பதினெட்டு.
லாரி வந்து மணல் கொட்டிய நேரம்
ஓர் ஓரத்தை மறந்திருக்கிறேன்.

கல்லில் இது நடந்தால் நடந்ததுதான்.
பச்சை போகவேண்டிய கட்டத்தில்
மஞ்சளை ஊற்றிவிட்டு
சட்டத்தைத் தூக்கி, வறட்டுக் கலவை தூவி,
அழுத்தி, தொட்டியில் ஊறப்போட்டு,
வெயிலில் காயவைத்தாலும்
மஞ்சள் மஞ்சள்தான்.
கால் விலைக்கு நானே எடுத்துக்கொள்வேன்.
என் வீட்டுக் குளியலறைத் தரை முழுக்க
என் பிசகுகள்.
எது எந்த நாளில் என்று தெரியும்.
சோப்பு நுரையோடு
அவற்றின்மேல் நின்று குளிக்கிறேன்.

ஊசியை உருவினேன்.
நூலைப் பிடித்து இழுத்தேன்.
மடமடவென்று ஒரு வரி
இல்லாமல் போனது.
யாரும் திட்டவில்லை.
ஒரு பைசா நட்டமில்லை.
அவிழ்ந்த நூல் மட்டும் நேராகாமல்
சுருட்டை முடிபோல மடியில் கிடந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
எட்டாம் வரியையும் இழுத்தேன்.
அதில் தப்பே இல்லை.
ஏழு. ஆறு. ஐந்து.
செல்லக்கண்ணு வாயில் வெற்றிலையை மெல்ல மறந்து பார்த்தாள்.
முதல் மூன்று கண்ணியும் போய்
வெறும் நூலானபின் மணி அடித்தார்கள்.
கை கழுவிக்கொண்டு போய்
இருபது கல் வார்த்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

பிறகு ஆறு நாள்.
இருபத்திரண்டாம் வரியில் நாற்பத்தைந்து.
இரு முனையிலும் அறுபது சங்கிலி
கட்டுவதற்கு நாடா.
வியாழக்கிழமை கட்டிக்கொண்டு போனேன்.
குனிந்தேன், நழுவவில்லை.
என்ன விசேஷம், என்றார் சோலைமுத்து.
ஒன்றுமில்லை.
எனக்கு ஒண்ணு, பச்சையில, என்றாள் செல்லக்கண்ணு.

துளை வழியே சிமெண்டு போகத்தான் செய்கிறது.
பாதிதான் தடுக்கும்.
இரவு அவிழ்த்து உதறியபோது
மூன்று நிறத்தில் தூசி உதிர்ந்தது.
விளக்கில் பிடித்துப் பார்த்தால்
பதினாறாம் வரியில் ஒரு கண்ணைத் தாவியிருக்கிறேன்.
வேறெங்கோ ஒன்றைக் கூட்டியும் இருக்கிறேன்,
இல்லாவிட்டால் நாற்பத்தைந்து வந்திருக்காது.

இருக்கட்டும்.
ஒளித்து முடிந்த நுனி எங்கே இருக்கிறதென்று மட்டும்
ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.